ஆய்வுக்கூடமும் அரசாணையும் – கல்பாக்கத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மாமல்லபுரத்திற்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்துக் கடலோரத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை ஒன்று சிதைந்து நிற்கின்றது. அதனை அடுத்தே கல்பாக்கத்து அணுமின் நிலையம் எழுந்துள்ளது. முன்னது துணி வாணிகம் நாடி வந்த அயலார் படைப்பு. பின்னது நம்மவர் அறிவின் விளைவு. அறிவியல் பயின்ற ஒருவர் அரசின் உறுப்பாகவே வாழ்வது எங்ஙனம் என்பதை அறிய விழையும் மாணவர்க்கு இவ்வூரினும் சிறந்த பாடநூல் தமிழகத்தில் இல்லை என்பது நம் கருத்து.

அரசை நடத்துவோர் ஆட்சிப் பணித் தேர்வில் வென்றோர் மட்டுமே என்னும் எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. அணுசக்தித் துறையின் வரலாறு இதனை மறுக்கின்றது. 1954 இல் இத்துறை தோன்றியபோது அதன் செயலாளர் பொறுப்பை ஏற்றவர் இயற்பியல் அறிஞர் ஹோமி பாபா. துறையின் செயலாளரே அணுசக்தி ஆணையத்தின் தலைவராகவும் இருப்பார் என 1958 ஆம் ஆண்டின் அரசுத் தீர்மானம் வகுத்தது. ஆய்வு செய்வோரே கோப்பிலும் கையொப்பமிடும் ஏற்பாடு இவ்வாறு உருவாயிற்று.

இவ்வேற்பாட்டின் பயனைக் கல்பாக்கத்தில் காணலாம். 1967 இல் சென்னை அணுமின் திட்டத்தின் தலைமைப் பொறியாளராகப் பொறுப்பேற்ற எம்.ஆர். சீனிவாசன், 1987 இல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார். 1996 முதல் 1998 வரை திட்டக் குழுவின் உறுப்பினராகவும் இருந்தார். கற்காரையும் குழாயும் கையாண்ட ஒருவர் நாட்டின் நிதிப் பங்கீட்டைப் பற்றிப் பேசும் அவையில் அமர்ந்தார் என்பது சிறு செய்தியன்று. அவர் தொடங்கிவைத்த நிலையத்தின் முதல் உலை 1983 இல் இயங்கத் தொடங்கியது. அருகிலேயே 1971 இல் நிறுவப்பெற்ற உலை ஆராய்ச்சி நடுவம், 1985 இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நடுவம் எனப் பெயர் பெற்றது.

பிற துறைகளிலும் சான்றுகள் உள. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் இளமையில் இந்தியக் காவல் பணிக்குத் தேர்வு பெற்றும் அதனை ஏலாது ஆராய்ச்சிக்குச் சென்றார். 1979 இல் வேளாண் அமைச்சகத்தின் முதன்மைச் செயலாளராக அமர்ந்தார். ஒரு வாயிலை மறுத்தவர் வேறொரு வாயில் வழியே அதே தலைமைச் செயலகத்துள் நுழைந்தார் எனலாம்! 1999 இல் அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் என்னும் பதவி தோன்றியபோது அதனை முதலில் ஏற்றவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். அவருக்குப்பின் சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம் 2001 முதல் 2018 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

எனினும் உயர்பதவிகளின் பட்டியலே பொதுக்கொள்கை ஆகிவிடாது. கல்பாக்கத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் ஆரத்திற்கு நெருக்கடிகாலத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. நிலையத்தின் வேலிக்குள் நேரும் இடருக்கு நிலையத்தாரே பொறுப்பு. வேலிக்கு வெளியே, ஊர்களைக் காலி செய்வதா, மக்களை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்வதா என ஆணையிடும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருடையது. காற்று எத்திசையில் வீசுகின்றது, கதிரியக்கம் எவ்வளவு என்பதை அறிந்து சொல்பவர் அறிவியலறிஞர். கதிரியக்க அயோடின் தொண்டைச் சுரப்பியில் சேராமல் தடுக்கும் மாத்திரையை எப்போது உட்கொள்ள வேண்டும் என்பதும் அவர் கணிப்பே. காலம் தாழ்ந்து உட்கொண்டால் பயன் குறையும். ஓர் அளவுமானியின் எண் ஆட்சியரின் ஆணையாகி, அவ்வாணை வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர் வழியே மீனவர் குப்பத்தை அடைய வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அறிவியல் வீணே. இவ்விடைவெளியில் நிற்கத் தெரிந்தவரே அரசுக்கு வேண்டிய அறிவியலாளர் என்போம்.

2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. குளிர்நீர் இறைக்கும் கூடத்தில் கடல்நீர் புகுந்தது. அன்று இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆயினும் கடலோரக் குடியிருப்பிலும் குப்பங்களிலும் உயிர்கள் பலியாயின. உலையைக் காக்க வழி இருந்தது. உறங்கி எழுந்த மக்களை எச்சரிக்க வழி இல்லை. ஆழிப்பேரலையை முன்கூட்டி அறிவிக்கும் முறையே அன்று இந்தியாவிடம் இருக்கவில்லை. 2005 இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. 2006 இல் புவி அறிவியல் அமைச்சகம் உருவாயிற்று. 2007 இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நடுவம் செயற்படத் தொடங்கியது. கடலியலையும் வானிலையியலையும் சார்ந்த அறிஞர்கள் அரசாணையின் மொழியைக் கற்றதன் பயன் அது. அந்த விலை கொடுத்த பின்னரே கற்றனர் என்பது நம் நெஞ்சை உறுத்துகின்றது.

இன்னொரு சிக்கலும் உண்டு. உலையைக் கட்டுபவரும் அதனைக் குற்றம் காண்பவரும் ஒரே குடும்பத்தாராயின் என் செய்வது? 1983 இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஓர் அரசாணையால் அமைந்தது. அது அணுசக்தி ஆணையத்துக்கே பொறுப்புடையதாக வைக்கப்பட்டது. 1993 முதல் 1996 வரை அதன் தலைவராக இருந்த அ. கோபாலகிருஷ்ணன் நாட்டின் அணுநிலையங்களில் காணப்பட்ட பாதுகாப்புக் குறைகளைத் தொகுக்கச் செய்தார். பதவி நீங்கியபின் அவற்றைப் பற்றி வெளிப்படையாகவும் எழுதினார். வாரியத்தின் தன்னுரிமைக் குறைவை 2012 இல் இந்தியத் தலைமைக் கணக்காயரும் சுட்டினார். இடித்துரைப்பாரின் தேவையை வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் வைத்துச் சென்றமையை நாம் இங்கு நினைக்கின்றோம். அமைதியாக இருப்பவருக்கே பதவி உயர்வு எளிது என நினைக்கும் இளைஞர், இப்பணியின் கடினமான பகுதி எதுவென இன்னும் அறியாதவர்.

இத்துறையில் நுழைய விழைவோர்க்கு வழி அரிதன்று. 1957 இல் டிராம்பேயில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பொறியியல் பட்டதாரிகளையும் முதுநிலை அறிவியல் பட்டதாரிகளையும் தேர்ந்து ஓராண்டு பயிற்றி அறிவியல் அலுவலராக்குகின்றது. கல்பாக்கத்திலும் அத்தகைய பள்ளி உண்டு. காலியிடம் எழும்வரை காத்திராமல் தகுதியால் உயர்வு பெறும் முறை அங்கு நிலவுவதும் மாணவர் அறியத்தக்கது.

இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என வினவுவோர் இருப்பர். நெருக்கடி ஒத்திகையின்போது குப்பத்து மூதாட்டி கேட்கும் அறிவிப்பு எந்தத் தமிழில் இருத்தல் வேண்டும்? ‘கதவையும் சன்னலையும் சாத்திக்கொள்ளுங்கள், மூடிவைக்காத தண்ணீரைக் குடிக்காதீர்கள்’ என்று கூற வேண்டிய இடத்தில் ‘வெளிப்புறக் கதிர்வீச்சுப் பாதிப்பினின்று தற்காத்துக் கொள்க’ எனக் கூறினால் அவர் என் செய்வார்? அந்த இரண்டு வரியை எழுதித் தர ஓர் அறிவியல் மாணவரும் ஒரு தமிழ் மாணவரும் ஒரே மேசையில் அமர வேண்டும். நம் கல்லூரியில் அவ்விரு துறைகளுக்கும் இடையே இருப்பது ஒரு தாழ்வாரமே.