பேண்டிட்: தோல் வாசனை செண்டைப் போட்டுப் பார்க்கும் முறை

தோல் வாசனை செண்டைக் கடையில் முகர்ந்ததும் முகம் சுளித்துப் பாட்டிலைத் திருப்பி வைத்துவிடுகிறவர்களே அதிகம். அவசரம் வேண்டாம், அரை நாள் கொடுங்கள். பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் ரொபேர் பிகேவுக்காக வாசனைக் கலைஞர் ஜெர்மேன் செலியே 1944-இல் உருவாக்கிய பேண்டிட்டை வைத்தே முறையைச் சொல்கிறேன். பெண்களுக்கான செண்டில் இத்தனை கசப்பைத் துணிந்து வைத்தவர்கள் மிகக் குறைவு.

முதலில் 2 மில்லி சாம்பிள் வாங்குங்கள். பழைய பாட்டிலைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்துவிட்டு இன்றைய பாட்டிலில் அதையே தேடாதீர்கள். அதில் இருந்த ஓக் மரப்பாசிக்கு இப்போது கட்டுப்பாடு உண்டு. விலங்குச் சரக்குகளுக்குப் பதில் பெரும்பாலும் செயற்கைப் பொருள்களே சேர்கின்றன.

அடுத்து, காகிதப் பட்டையில் ஒரு ஸ்ப்ரே. முன்னால் வந்து நிற்பது கால்பனம் என்ற பிசின். பச்சைத் தண்டை ஒடித்தால் வருமே, அந்தக் கசப்பு. ஒட்டிக்கொண்டே தோல் வாசனை வரும். இதற்காக யாரும் தோலை வடிப்பதில்லை. ஷனெலின் கூயிர் த ரூஸி போன்றவற்றில் பிர்ச் மரத் தார் புகையோடு அந்த வேலையைச் செய்கிறது. பேண்டிட்டில் செய்வது ஐசோபியூட்டைல் குயினோலின் என்ற செயற்கைப் பொருள். அதனால்தான் இதன் தோல் வறண்டு, சாம்பல் கலந்தாற்போல் இருக்கிறது.

பிறகு உடம்பில். வாசனை சோப்பு, பவுடர், தலைக்கு எண்ணெய் எதுவும் இல்லாத நாளாகப் பாருங்கள். சட்டைக்கு உள்ளே மார்பில் ஒரே ஒரு ஸ்ப்ரே போதும். தேய்க்காமல் காயவிடுங்கள். வெயில் காலத்தில் சூட்டுக்கு இது இரு மடங்காக வீசும்.

முதல் கால் மணி நேரம் கடுமையாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு மேல் மல்லிகை மெல்லத் தெரியும். தோலின் முரடு அடங்கி, புதுக் கைப்பையைத் திறந்தது போலாகும். அதற்குப் பிறகு வருவதுதான் பலரை மிரட்டும் விலங்கு வாடை. முன்பு பீவரின் சுரப்பியிலிருந்து எடுத்த கஸ்டோரியத்தின் வாடை ஒரு பக்கம், புனுகின் வாடை இன்னொரு பக்கம். திருவொற்றியூரில் கார்த்திகைப் பௌர்ணமிக்கு ஆதிபுரீஸ்வரருக்குச் சாத்தும் புனுகை அறிந்தவர்களுக்கு இது அந்நியமல்ல. கெட்டியாக முகர்ந்தால் நாறும். துளியளவில் பூவுக்கே ஒரு உடற்சூட்டைக் கொடுக்கும். பேண்டிட்டின் அழகு முழுக்க இந்த இடத்தில் இருக்கிறது என்பேன். பூ இனிக்க ஆரம்பிக்கும்போதே வியர்வை வாடை வந்து அதைத் தடுத்துவிடுகிறது.

மூன்று, நான்கு மணி நேரம் கழித்துப் பாசி, பச்சோலி, வெட்டிவேர் என்று மண்ணும் மரமுமாகத் தங்கும். அப்போது வாசனை போய்விட்டதென்று தோன்றினால் மறுபடி அடிக்காதீர்கள். மூக்குதான் சலித்திருக்கும். வெளிக்காற்றில் நடந்துவிட்டு வந்து முகருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது கேளுங்கள்.

பட்டிலோ வெள்ளைச் சட்டையிலோ நேராக அடித்தால் கறை விழலாம். பருத்தியில் துவைக்கும்வரை நிற்கும். ஏசி அறையில் நெருங்கி உட்கார வேண்டிய நாளிலும், மருத்துவமனைக்குப் போகும் நாளிலும் தவிர்த்துவிடுங்கள்.

வெயிலில் ஒரு நாள், மழையில் ஒரு நாள் போட்டுப் பார்த்தபின் வாங்குவதை யோசிக்கலாம். இருப்பதில் சிறிய பாட்டிலாக வாங்கி, பெட்டியோடு அலமாரிக்குள் வையுங்கள். குளியலறையின் சூடும் ஈரமும் இதைக் கெடுத்துவிடும்.