ஒஸ்லோ முதல் பேர்கன் வரை: ஒரு வழிப்பயணப் பாடம்

நம் கல்லூரிப் பழைய மாணவர் பலர் இந்நாளில் நோர்வே நாட்டிலே வாழ்ந்து வருகின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோரும் உற்றாரும் ஒஸ்லோ நகரில் மக்கள் வீட்டிலேயே இரண்டு வாரம் குளிருக்கு அஞ்சியிருந்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுவதை யாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். ஒரே ஒரு பகலைச் செலவிட்டால், அந்நாட்டின் மலையையும் பனியையும் கடலையும் ஒருசேரக் கண்டுவிடலாம். எனினும் அப்பகலை முன்னரே கணக்கிட்டு வைத்தல் வேண்டும். யாம் கணக்கிற் பிழைவிட்டு அதனைக் கற்றுக்கொண்டமையால், இம்மலரிலே அதனைப் பாடமாக எழுதத் துணிந்தோம்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். அந்நாட்டார் 'பியோர்ட்' என வழங்குவதனை நம் பூமிசாத்திர நூலார் 'நுழைகழி' என்றனர். நல்ல வினைத்தொகை. நுழைந்த கழி, நுழைகின்ற கழி, நுழையும் கழி என முக்காலமும் அதனுள் அடங்கும். ஆயின் 'கழி' என்றவுடன் நம் மாணவர் மனத்தில் எழுவது முழங்காலளவு நீரும், சேறும், கண்டற் செடியுமே. அங்குள்ளது அதுவன்று. பனியூழியில் மலையிடுக்குகளை நிறைத்துக் கிடந்த பனிக்கட்டியாறுகள் தம் பாரத்தினாற் பாறையை அராவி, அடி அகன்றும் பக்கம் செங்குத்தாயும் உள்ள பள்ளங்களை உண்டாக்கின. பனி உருகி விலகியபின் கடல் உட்புகுந்தது. சொக்னே நுழைகழி கடலிலிருந்து 200 கிலோமீற்றருக்கு மேல் நாட்டினுள்ளே செல்கின்றது. அதன் ஆழம் உட்பகுதியில் 1,300 மீற்றர் வரையாகும். வாயிலில் ஆழங் குறைவு, உள்ளே ஆழம் மிகுதி. இதுவே பனிக்கட்டி அகழ்ந்தமைக்குச் சான்று. வகுப்பிலே பல ஆண்டு இச்சொல்லைப் பிரித்துக் காட்டிய யாம், பொருளை நேரிற் கண்டது நாற்பது வயதின் பின்னரே.

இனி வழி. ஒஸ்லோவிலிருந்து பேர்கனுக்குப் புகையிரதத்தில் நேரே செல்வதாயின் ஏழு மணி நேரம் அளவில் ஆகும். வோஸ் என்னும் ஊரிலிருந்து பேர்கன் வரையான பகுதி 1883 இலும், மலையைக் கடக்கும் முழுப்பாதை 1909 இலும் திறக்கப்பட்டன. ஒஸ்லோவுக்கு அக்காலத்திற் கிறிஸ்தியானியா என்று பெயர். நுழைகழியைக் காண விரும்புவோர் நேரே செல்லாது, மலைமேலுள்ள மீர்டால் நிலையத்தில் இறங்கி, ஃப்லோம் என்னும் கரைக்குக் கிளைப்பாதையிற் செல்லவேண்டும். அங்கிருந்து குட்வாங்கன் வரை படகு. பின் வோஸ் வரை பேருந்து. வோஸிலிருந்து பேர்கனுக்கு மீண்டும் புகையிரதம். ஒஸ்லோவிலிருந்து மீர்டாலுக்கு ஐந்து மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. மலையிறக்கம் ஒரு மணி. படகு இரண்டு மணி. பேருந்தும் கடைசிப் புகையிரதமும் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குச் சற்று மேல். கூட்டினாற் பத்து மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். ஆனால் நான்கு இடங்களில் மாறி ஏறவேண்டும் என்பதை மறந்து கூட்டிய கூட்டல் அது. பன்னிரண்டு மணி எனக் கொள்வதே தகும்.

இவ்விடத்திலேதான் யாம் பிழைவிட்டோம். அது ஏப்பிரல் விடுமுறையின் இறுதி. எம்மை அழைத்துச் சென்ற பழைய மாணவர், "சேர், காலை முதல் வண்டியிலேயே போவோம்" என்றார். "என்ன தம்பி, விடுமுறையிலுமா விடியமுன் எழும்புவது?" என்று அடுத்த வண்டியைக் குறிக்கச் செய்தவர் யாமே. ஃப்லோமிற் படகுக்கு முன் முக்கால் மணி நேரம் எஞ்சும். அது தாராளம் என்பது எம் எண்ணம்.

ஃபின்ச நிலையம் வரை எல்லாம் இனிதே நிகழ்ந்தது. 1,222 மீற்றர் உயரத்திலுள்ள அந்நிலையமே அந்நாட்டுப் புகையிரத நிலையங்களில் மிக உயர்ந்தது. பேர்கனை நோக்கிச் செல்வோர் இடப்பக்கத்து யன்னலோரம் அமர்ந்தால், தெற்கே ஹர்டாங்கர் பனிமலை தென்படும். எமக்குத் தென்படவில்லை. பனிக்காற்று வீசி, வெளியெல்லாம் வெள்ளைத் திரையாயிற்று. வண்டி ஊர்ந்தும் நின்றும் சென்றது. மீர்டாலை அடைந்தபோது ஒரு மணி நேரம் கடந்துவிட்டது. மலையிறங்கும் வண்டி போய்விட்டது. செலவைக் குறைக்க ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே சீட்டு வாங்கியிருந்தோம். ஆகவே எமக்காக எவரும் காத்திருக்கக் கடமைப்பட்டவரல்லர். எல்லாப் பகுதிக்கும் சேர்த்து ஒரே சீட்டாக வாங்கவும் வழியுண்டு. விலை சற்றுக் கூடினும், முதியோரை அழைத்துச் செல்வோர் அதனையே வாங்குக என்போம். தனிச்சீட்டு வாங்குவோர் ஒவ்வொரு மாற்றத்திற்கும் பின்னே இன்னொரு வண்டியோ படகோ அன்றைக்கு உண்டா என்று பார்த்தல் வேண்டும். கோடையிற் படகுகள் பல; ஏனைய மாதங்களில் மிகச் சில.

அடுத்த வண்டியில் இறங்கினோம். ஃப்லோம் பாதை 20 கிலோமீற்றர் நீளமே உடையது. அத்தூரத்திற்குள் 867 மீற்றர் உயரத்திலிருந்து கடல் மட்டத்திற்கு இறங்குகின்றது. பெரும்பகுதியின் சரிவு 18 இற்கு 1. நம் மலைநாட்டுப் பாதை 44 இற்கு 1 என்பதை நினைந்தால் இதன் செங்குத்து விளங்கும். இருபது சுரங்கங்களுள் பதினெட்டினைத் தொழிலாளர் கையாற் குடைந்தனர். ஒரு மீற்றர் முன்னேற ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்ததாம். 1940 இல் முதல் வண்டி ஓடியது; 1944 இல் மின்சாரம் வந்தது. சோஸ்பொஸ்ஸன் அருவியருகே வண்டி சில நிமிடம் நிற்கும். நின்றது, யாம் இறங்கவில்லை. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அருவியின் இரைச்சல் மட்டுமே எம்மிடம் எஞ்சியுள்ளது.

கரையை அடைந்தபோது அன்றைய கடைசிப் படகு போய் நெடுநேரமாயிற்று. "நல்லகாலம் சேர், விமானம் நாளை இரவுதான்" என்றார் மாணவர். உண்மையில் அவர் மனைவியார்தாம், திரும்பும் விமானத்தை மறுநாட் காலைக்கு எடுக்க முயன்ற எம்மைத் தடுத்து இரவுக்கு எடுப்பித்தவர். விடுதியில் அறை கிடைத்தது. அதன் வாடகையை இலங்கை ரூபாவிற் பெருக்க யாம் முனைந்தபோது மாணவர் தடுத்துவிட்டார். இரவு ஒன்பது மணியாகியும் வானில் வெளிச்சம் இருந்தது. நீரோரம் இருவரும் நடந்தோம். பத்தாம் வகுப்பிலே கட்டுரைக்குத் தாம் வாங்கிய குறைந்த புள்ளியை அவர் அன்று நினைவூட்டினார், யாம் மறந்திருந்தோம். அவர் மறக்கவில்லை. கட்டுரையின் பொருள் 'நான் காண விரும்பும் நாடு' என்பதாம்.

மறுநாட் காலைப் படகில் ஆட்கள் குறைவு. 2018 முதல் இவ்வழியில் முற்றும் மின்கலத்தால் ஓடும் படகொன்று சேவையில் உள்ளது. எஞ்சின் ஒலியின்றிச் செல்லும் படகில் அருவியின் ஓசை தனியே கேட்கும். ஔர்லாண்ட் நுழைகழியிலிருந்து இடப்புறம் திரும்பினால் நேரோய் நுழைகழி. ஐக்கிய நாடுகள் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் 2005 இல் இதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. மிக ஒடுங்கிய இடத்தில் அகலம் 250 மீற்றர் அளவே. இருபுறமும் 1,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த பாறைச் சுவர். சுவரிலே ஒட்டினாற்போலச் சிறு பண்ணை வீடுகள். மேல்தட்டில் நிற்க விரும்புவோர் காதை மூடும் தொப்பியும் கையுறையும் கொண்டுசெல்க, கோடையாயினும் கொண்டுசெல்க. பெரும்பெட்டிகளை ஒஸ்லோவிலேயே விட்டு, முதுகிற் சுமக்கும் பையொன்றுடன் செல்வதே நன்று.

பருவம் பற்றிக் கேட்போர் உளர். இவ்விரு நகரங்களும் வட அகலாங்கு 60 பாகை அளவிலுள்ளன. யூன் மாதத்திற் பகல் பத்தொன்பது மணி நேரம்; திசெம்பரில் ஆறு மணிக்கும் குறைவு. ஆகவே குளிர்காலத்திற் செல்வோர் வழியின் கடைசிப் பகுதியை இருளிலே கடப்பர். மே, யூன் மாதங்களிற் பனி உருகி அருவிகள் நிறைந்து விழும். எமக்கு மீண்டும் வாய்க்குமாயின் அக்காலத்தையே தேர்வோம்.

பேர்கனை அடையப் பிற்பகலாயிற்று. ஆண்டொன்றிற்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் நகரம் அது. எம்மையும் மழையே வரவேற்றது. ஒரு பகல் முழுதும் பார்க்க எண்ணிய நகருக்கு மூன்று மணி நேரமே எஞ்சியது. பிரிக்கன் துறையின் பழைய மரவீடுகளை நனைந்தபடி பார்த்தோம். பின்னர் 1918 முதல் இயங்கும் கம்பியிழுவை வண்டியில் ஃப்லோயன் குன்றேறினோம். 320 மீற்றர் உயரத்தில் முகிலன்றி வேறொன்றும் தெரியவில்லை. கால் மணி நேரம் குடைக்கீழ் நின்றோம். முகில் ஒரு புறம் விலகித் துறைமுகமும் ஒரு வெண்கப்பலும் தெரிந்தன, மீண்டும் மூடிற்று. மாணவர் கடிகாரத்தைப் பார்த்தார். இம்முறை யாம் மறுப்பேதும் சொல்லாமல் அவர்பின்னே இறங்கினோம்.