சமாதானம் ஏன் வரவில்லை? – அக்கரை இலங்கையும் திருநாடும் தரும் பாடம்



சேசுநாதர் பிறந்த திருநாட்டில் யூதரும் அராபியரும் ஏன் ஓயாமல் மோதிக்கொள்கிறார்கள், அங்கே சமாதானம் வருமா என்று நம் வீடுகளில் பலரும் கேட்கிறார்கள். விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. இராமேசுவரத்துக்கு அக்கரையில், நம் மொழி பேசும் மக்கள் வாழும் இலங்கையிலும் இதே வகைப் பிணக்கு மூண்டது. அதை முதலில் அறிந்துகொண்டால் திருநாட்டின் நிலையும் எளிதில் விளங்கும்.

1. வேர் எது?

இலங்கைக்கு 1948 பிப்ரவரி 4-ந் தேதி சுதந்திரம் வந்தது. அவ்வாண்டே வந்த பிரஜா உரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர் பல லட்சம் பேரை நாடற்றவர்களாக்கிற்று. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டமாயிற்று.

சிங்களருக்கும் ஓர் அச்சம் இருந்தது. அதையும் நாம் அறிய வேண்டும். ஆங்கிலேயர் காலத்து உத்தியோகங்களில் தமிழர் தங்கள் தொகைக்கு மிஞ்சிய இடம் பெற்றார்கள் என்று அவர்கள் மனம் புழுங்கினார்கள். தமிழுக்குக் கடலுக்கு இப்பாலும் கோடிக்கணக்கானோர் உண்டு, தங்கள் மொழிக்கோ இத்தீவை விட்டால் வேறு இடமில்லை என்றும் எண்ணினார்கள். ஆக, இரு பக்கத்தாரும் பயந்தார்கள். ஒருவர் பயத்தை மற்றவர் கேட்க மனமில்லாமற் போனதே வேர்.

2. கைவிட்ட வாக்கு

1957 ஜூலை 26-ல் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். பிரதேச சபைகள் அமையும், வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் நிர்வாகம் நடக்கும் என்பது அதன் சாரம். எதிர்ப்புக் கிளம்பியது. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் மறியல் செய்ய, அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதமே கலவரம் மூண்டது. 1965-ல் டட்லி சேனநாயக்கா செய்துகொண்ட ஒப்பந்தமும் நிறைவேறவில்லை.

பெரியவர்கள் பேசிப் பெற்ற வாக்கு இருமுறை பொய்த்தபின், வாலிபர்கள் துப்பாக்கியை நம்பினார்கள். 1981-ல் யாழ்ப்பாண நூல்நிலையம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் தமிழரின் வீடுகளும் உயிர்களும் எரிந்தன.

3. துப்பாக்கி பட்சபாதம் அறியாது

1982 மே மாதம் நமது தி. நகர் பாண்டி பஜாரிலேயே இரண்டு ஈழப் போராளித் தலைவர்களின் பகை துப்பாக்கிச் சண்டையாக வெடித்தது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள், தமிழ் பேசும் முஸ்லிம்கள் ஏறத்தாழ 70,000 பேரை வடக்கிலிருந்து துரத்தினார்கள். அநீதிக்கு ஆளானவர்களும் அநீதி செய்யக்கூடும் என்பதற்கு இது சாட்சி. 2009 மே மாதம் போர் முடிந்தபோது, அகப்பட்டுக்கொண்ட பொதுமக்கள் பல்லாயிரம் பேர் மாண்டிருந்தார்கள்.

4. திருநாட்டின் நிலை

அங்கேயும் இதுவே. ஐரோப்பாவில் லட்சக்கணக்கில் கொல்லப்பட்ட யூத ஜனம் புகலிடம் தேடிற்று. 1948-ல் இஸ்ரேல் நாடு பிறந்தபோது ஏழு லட்சம் பாலஸ்தீனியர் வீடிழந்தார்கள். 1993-ல் நார்வே நாட்டின் முயற்சியால் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. ஜெருசலேம், அகதிகள், எல்லை ஆகிய கடினமான விஷயங்களைப் பிறகு பேசலாம் என்று தள்ளிவைத்தார்கள். அவை முடிவு பெறவேயில்லை. 2002-ல் இலங்கையிலும் அதே நார்வே போர்நிறுத்தம் செய்துவைத்தது, அதுவும் நிலைக்கவில்லை. மத்தியஸ்தர் மேசை போடலாம். வாக்கைக் காப்பாற்ற வேண்டியவர்கள் அந்தந்த ஜனங்களே.

5. நம்பிக்கைக்கு இடமுண்டா?

உண்டு. மன்னார்ப் பகுதியிலுள்ள மடு மாதா கோவிலுக்குச் சிங்களரும் தமிழரும் யாத்திரை போகிறார்கள். 1999 நவம்பரில் அங்கே அடைக்கலம் புகுந்தவர்கள் மேல் குண்டுகள் விழுந்து சுமார் 40 பேர் இறந்தார்கள். 2015 ஜனவரி 14-ல் பாப்பரசர் பிரான்சீஸ் அவ்விடத்தில் செபித்தார். ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது: ஒரே மாதாவின் பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிய சிங்களரும் தமிழரும் இப்பிணக்கில் இரு பக்கமாகவே பிரிந்து நின்றார்கள். செபம் நம்மை ஒரே கூரையின்கீழ் சேர்க்கும். அயலானின் உரிமையை அவனுக்குக் கொடுக்கும் கடமையையோ நாம்தான் செய்ய வேண்டும். நீதியில்லாத சமாதானம் அடுத்த சண்டைக்குள் ஓர் இடைவேளையே.

இதில் நமக்கும் பங்குண்டு. இலங்கையிலிருந்து வந்தோரின் பிள்ளைகளில் பலர், இங்கேயே பிறந்தும் இந்தியப் பிரஜைகளாகாமல் தமிழ்நாட்டு முகாம்களில் வளர்கிறார்கள். அவர்களை அயலாராக அல்ல, அண்டை வீட்டாராக ஏற்போம்.

வீட்டில் கலந்து பேச:

1. இப்பிணக்கில் நாம் யாருடைய துயரத்தை மட்டும் பேசுகிறோம்? யாருடையதை மறக்கிறோம்?
2. நம் குடும்பத்தில், தெருவில், கொடுத்த வாக்கைக் கைவிட்டதால் வளர்ந்த பகை எது?
3. அதைத் தீர்க்க இந்த வாரம் முதல் அடி வைக்கப்போவது யார்?