ஊமை என்னுஞ் சொல்

பேசமாட்டாதாரை ஊமை என்பது தமிழ் வழக்கு. ஊமன், மூங்கை என்பனவும் இப்பொருளன. புறநானூற்று 28 ஆஞ் செய்யுள் இதனை ஊம் என வழங்கிச் செவிட்டின் வேறாக வைத்து எண்ணும்.

இச்சொல்லின் உட்பொருள் யாது? புறத்தே புண் தோன்றாது உள்ளே நோவதை ஊமைக்காயம் என்கின்றோம். முகில் மூடியிருக்கவும் சுடுவதை ஊமைவெயில் என்கின்றோம். நோவும் வெப்பமும் உள, வெளிப்படாமையே குறை. ஊமையாவது இன்மையன்று, வெளிப்படாமை என்பது இவற்றாற் பெறப்படும். குறுந்தொகை 58 ஆஞ் செய்யுளில், வெயில் காயும் பாறைமேல் உருகும் வெண்ணெயைக் கையில்லாத ஊமன் கண்ணாற் காக்கின்றான் என்று வெள்ளிவீதியார் உவமை கூறினார். அவன் அறியாதவனல்லன், அறிந்தும் கூவமாட்டாதவன்.

மௌனம் இதனின் வேறு. அது பேசவல்லார் விரும்பிப் பேசாதிருத்தல். விடை காணாது நிற்றல் வாயடைத்தல் எனப்படும்.

திருவாதவூரடிகள் வரலாற்றிலே, ஈழத்தரசன் தன் ஊமை மகளைத் தில்லைக்குக் கொண்டுவந்தான் என்றும், அடிகள் பணிக்க அவள் வாய்திறந்து புத்த குருவின் வினாக்களுக்கெல்லாம் விடையிறுத்தாள் என்றும், அதுவே திருச்சாழலாயிற்றென்றும் கூறுவர். ஐயாண்டளவும் பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரிலே கந்தர் கலிவெண்பாப் பாடினார் என்பதும் அத்தன்மைத்து. திருவருள் நாவைத் திறந்த அப்பொழுதே நுண்பொருள் வெளிப்பட்டமையால், பேசாதார் அறிவிலார் என்னும் எண்ணம் இவ்வரலாறுகளுக்கு முழுதும் முரணாம்.

இங்ஙனமாகவும், பருத்தித்துறையிலும் அயலூர்களிலும் மட்டுமன்றித் தமிழ் வழங்கும் இடமெங்கும், ஊமை என்பதனை மந்தன் என்னும் பொருளிற் பழிச்சொல்லாக எறிவாருளர். அது சொல்லுக்கும் பிழை, பிள்ளைக்கும் தீங்கு. பிறவியிலே பேசாத பிள்ளைகளுட் பலர்க்கு நாவிற் குறையில்லை. செவி கேளாமையாற் சொல்லைக் கற்றிலர். மந்தரென்று அவரை வீட்டிலே இருத்திவிடின், கற்றற்குரிய இளம்பருவம் வீணே கழியும். சைகையும் ஒரு மொழியே. அதனாலே கல்வி முழுதும் பெறலாம். இலங்கையில் மேரி சாப்மன் அம்மையார் 1912 இல் இத்தகையார்க்குப் பள்ளி தொடங்கினார். நம் குடாநாட்டிலே கைதடியில் நவீல்ட் பாடசாலை உளது.

ஆதலின், சைவ நன்மக்களே, பிள்ளை உரிய காலத்திற் பேசாதாயின் நேர்த்தி வைத்தலோடு நில்லாது, செவியை வைத்தியரைக்கொண்டு சோதிப்பித்துப் பள்ளிக்கு அனுப்புக. பெயரிட்டு அழைக்க வேண்டிய பிள்ளையைக் குறைகூறி அழையாதொழிக. அப்பிள்ளையின் உள்ளத்தும் சிவபெருமான் வீற்றிருக்கின்றான் அன்றோ!