டைட்டானிக்கில் தொடங்கலாமா?

கேள்வி: பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கப்பல் மாடல் செய்ய ஆசை. முதல் கப்பலே டைட்டானிக்காக இருக்கலாமா?

பதில்: தாராளமாக. அசல் கப்பலின் நீளம் 269 மீட்டர். 1:400 அளவு மாடல் 67 சென்டிமீட்டர் வரும். வைக்க இடம் தேடவேண்டும். 1:700 என்றால் 38 சென்டிமீட்டர்தான், அதையே வாங்குங்கள்.

பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள பசைதான் சரி. அது ஓரங்களை லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். அதிகமானால் நூல்போன்ற கைப்பிடிக் கம்பிகள் இளகி வளைந்துவிடும்; ஊசிமுனையால் தொட்டு வைத்தாலே போதும். அடிப்பாகத்துச் சிவப்பு, அதன்மேல் கறுப்பு, உச்சியில் வெள்ளை எல்லாவற்றையும் மேல்தளம் ஒட்டுமுன் பூசுங்கள். பிறகு தூரிகை நுழையாது.

நான்காவது புகைபோக்கி கொதிகலன்களோடு இணையாதது, முக்கியமாகக் காற்றோட்டத்துக்கானது. கரி படிந்த தோற்றம் தருவதானால் முதல் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.