நெட் இல்லாத கம்ப்யூட்டருக்கு என்ன பயம்?

அரசு அலுவலகங்களில் கணினிப் பாதுகாப்பு பற்றிப் பேச்செடுத்தால் போதும், "எங்க சிஸ்டத்துல நெட்டே கிடையாது சார், எவன் உள்ள வருவான்?" என்ற பதில் தயாராக இருக்கும். இளநிலை உதவியாளர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். கோடிக்கணக்கில் டெண்டர் விடும் அதிகாரிகளும் இதையே சொல்வதுதான் எரிச்சல்.

2008-ல் மத்திய கிழக்கில் இருந்த ஓர் அமெரிக்க ராணுவ லேப்டாப்பில் யாரோ ஒரு பென் டிரைவைச் செருகினார்கள். அதிலிருந்த மால்வேர், ரகசியத் தகவல்களுக்கென்று தனியே வைத்திருந்த வலையமைப்பு வரை பரவியது. அந்த நவம்பரில் பென்டகன் பென் டிரைவுக்கே தடை போட்டது. அடுத்தது ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் ஆலை. அங்கும் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்கு இணைய இணைப்பு இல்லை. 2010-ல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் என்ற மால்வேர், சுழலும் இயந்திரங்களின் வேகத்தைத் தாறுமாறாக்கியது. ஊழியர்களின் திரையிலோ எல்லாம் ஒழுங்காக ஓடுவதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

நெட் இல்லாத கணினிக்குள் மால்வேர் நுழைவதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரே மேசையில் இரண்டு கணினிகள். ஒன்றில் நெட் உண்டு, இன்னொன்றில் இல்லை. மாலை 5 மணிக்குள் அறிக்கை மெயிலில் போயாக வேண்டும். நெட் இல்லாத கணினியில் தயாரான கோப்பு எப்படிப் போகும்? டிராயரில் கிடக்கும் பென் டிரைவில்தான். சர்வீஸுக்கு வருபவரும் ஊரெல்லாம் சுற்றிய தன் லேப்டாப்பைத்தான் இணைப்பார்.

கூடங்குளத்தை மறந்துவிட்டார்களா? 2019 அக்டோபர் 29 அன்று, கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்தே இயங்குகின்றன, சைபர் தாக்குதலுக்கே வழியில்லை என்று அணுமின் நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், மால்வேர் இருந்தது உண்மை, செப்டம்பர் 4-ஆம் தேதியே மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தகவல் தந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது. சிக்கியது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த கணினி. உலைகளின் அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை என்றது கழகம். இருக்கட்டும். ஆனால் இந்தத் தாக்குதலோடு தொடர்புடையதாக வெளியே கிடைத்த டிட்ராக் என்ற மால்வேருக்குள் கேகேஎன்பிபி (கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பெயரோடு நிர்வாகிக் கணக்கின் விவரமே எழுதியிருந்தது. முன்பே அளவெடுத்துக்கொண்டு போய்த் தைத்த சட்டை அது. உலைக்குப் பூட்டுப் போட்டாயிற்று, சரி. ஊழியர் விவரமும் கொள்முதல் ஆவணங்களும் எந்தக் கணினியில் இருக்கும்?

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். "வெளிவாசலில் ஃபயர்வால் இருக்கிறது" என்பவர்கள் 2022 நவம்பரின் டெல்லி எய்ம்ஸைப் பார்க்கட்டும். அங்கு நடந்த சைபர் தாக்குதலில் 5 சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு முடங்கின. வலையமைப்பை உள்ளுக்குள் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்வது இன்னொரு சடங்கு. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் கடைசி எண்ணை 1-லிருந்து 2 ஆக்குவதோடு சரி. "பேக்கப் இருக்கிறதே?" எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுடை ரான்சம்வேர் தாக்கியபோது பேக்கப்பும் சேர்ந்தே சிக்கியது; மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரசு மின்னஞ்சல்கள் போனது போனதுதான்.

இத்தனைக்கும் பிறகு பழைய பல்லவி ஓயாததற்குக் காரணம், நடந்ததை யாரும் முழுதாகச் சொல்லாததே. லண்டனின் பிரிட்டிஷ் நூலகம் 2023 அக்டோபரில் தாக்கப்பட்டது. 2024 மார்ச்சில், எந்த சர்வர் வழியாக வந்திருக்கக்கூடும், அங்கே எந்தக் கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் போனது என்பதையெல்லாம் எழுதி யார் வேண்டுமானாலும் படிக்க வெளியிட்டது. இங்கோ 2023 நவம்பரில் செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்தே விலக்கு கொடுத்துவிட்டார்கள். விசாரணை நடக்கும்போது ரகசியம் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஓட்டையை அடைத்த பிறகு அறிக்கை வெளியிட அந்த விலக்கு தடையில்லையே? தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தகவல் தர வேண்டும் என்று 2022-ல் எல்லோருக்கும் உத்தரவு போட்ட அமைப்பு, 6 மாதம் கழித்தாவது நடந்ததை ஊருக்குச் சொல்லட்டும்.