காலி பாட்டிலும் கால் லிட்டர் பெயிண்டும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் மன்றச் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, "கவிதை வேணாம்ப்பா, ஏற்கெனவே நாப்பது வந்துருச்சு. உருப்படியா ஏதாவது எழுதிக் குடுங்க" என்றார். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். காலிக் கண்ணாடி பாட்டில்களில் பெயிண்ட் அடித்து விழா மேசையை அலங்கரிப்பது. "இதெல்லாம் பொம்பளப் புள்ளைக வேலைடா" என்று பக்கத்து பெஞ்சில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இதை நான் ஒழுங்காகக் கற்றுக்கொள்வதற்குள் ஒரு ஜூனியர் தங்கையின் விரலில் இரண்டு தையல் விழுந்துவிட்டது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் துறை சீனியர்களுக்கு நடத்திய பிரிவுபசார விழா உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வசூல் பிரியாணிக்கே பத்தவில்லை. அலங்காரத்துக்குக் காசு இல்லை. "செலவே இல்லாம நான் பண்றேன்" என்று வாய் விட்டவன் நான்தான். விடுதி மெஸ்ஸில் ஊறுகாய் பாட்டில், வீட்டுப் பரணில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், பேக்கரியில் ஜாம் பாட்டில், பழைய இரும்புக் கடையில் நாலைந்து என்று 26 சேர்த்தேன். மேலாகத் தண்ணீர் விட்டு அலசினேன். மாமா வீட்டு கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த எனாமல் பெயிண்டைப் பூசி, ஒரு ராத்திரி மட்டும் காயவிட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மெழுகுவத்தி வைத்துவிட்டேன். பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

நடந்தது இரண்டு. முதலாவது, பாட்டிலைத் தொட்ட எல்லோர் கையிலும் பெயிண்ட் ஒட்டியது. சிறப்பு விருந்தினரின் வெள்ளை வேட்டியில் நீல நிறத்தில் நாலு விரல் தடம். அவர் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டுப் போனார். இரண்டாவதுதான் பெரிசு. ஒரு ஜாம் பாட்டில் 'டக்' என்று விரிந்து இரண்டாகப் பிளந்தது. மேசை விரிப்பில் தீப்பிடிக்காமல் இருக்க முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஓடிவந்து பாட்டிலைப் பிடித்தாள். ஆள்காட்டி விரல் கிழிந்து ரத்தம் கொட்டியது. தையல் போட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்: "கீழயும் விழல, யாரும் தட்டவும் இல்ல. அப்புறம் ஏண்ணே உடஞ்சுச்சு?"

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறவன் நான். ஹீட் ட்ரீட்மென்ட் பாடத்தில் 82 மார்க். பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரையே அந்தத் தங்கைக்கு நான் சொல்லவேண்டிய பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயிண்ட் விஷயம். சுண்ணாம்புச் சுவரில் பெயிண்ட் ஏன் நிற்கிறது? சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. பெயிண்ட் அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. கண்ணாடியில் துளையே கிடையாது. சாதாரண பாட்டில் கண்ணாடி என்பது 100-க்கு 70 பங்குக்கு மேல் மணல், மீதியில் பெரும்பகுதி சோடாவும் சுண்ணாம்பும். 1,500 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருகி ஆறியது. அதன் மேற்பரப்பு வழவழவென்று இருக்கும். அதன்மேல் நம் விரலின் எண்ணெய்ப்பசை வேறு. பெயிண்ட் ஒட்டுவது கண்ணாடியில் அல்ல, அந்த எண்ணெயில்தான். எண்ணெய் நகர்ந்தால் பெயிண்டும் நகரும். கொத்தனார் கான்கிரீட் தூணில் பூசுவதற்கு முன் ஏன் கொத்திவிடுகிறார் என்று யோசித்தால் பாதி விளங்கிவிடும்.

ஆகவே பாட்டில் வேலையில் முக்கால்வாசி, பிரஷ்ஷைத் தொடும் முன்பே முடிந்துவிடுகிறது. சோப்புத் தூளோ சலவைச் சோடாவோ கரைத்த வெந்நீரில் பாட்டிலை ஒரு ராத்திரி ஊறப்போட்டால் லேபிள் தானே கழன்று வரும். அடியில் பிசுபிசுவென்று பசை நிற்கும். அதைச் சுரண்டாதீர்கள். தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி அரை மணி நேரம் விட்டால் துணியால் துடைத்தே எடுத்துவிடலாம். ஆனால் இப்போது நாமே எண்ணெய் தடவிவிட்டோம் அல்லவா? மறுபடி சோப்பு போட்டுக் கழுவவேண்டும். நான் இந்த இடத்தில்தான் சோம்பேறித்தனம் பண்ணினேன்.

அடுத்தது நம் ஊர்ச் சிக்கல். புத்தகம் எழுதுகிறவர்களுக்கு இது தெரியாது. காரியாபட்டிப் பக்கம் போர்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. குளித்துவிட்டு வந்தால் தலைமுடி தேங்காய் நாராக நிற்கும். அந்தத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பாட்டிலில் வெள்ளை வெள்ளையாய் உப்புப் படியும். அந்தப் பூச்சின்மேல் பெயிண்ட் அடித்தால் உப்போடு சேர்ந்து உரியும். எலுமிச்சை மூடியாலோ வினிகராலோ தேய்த்தால் கரை போய்விடும். கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஒரு செம்பு ஒதுக்குங்கள். "குடிக்கிற தண்ணியில பாட்டில் கழுவுறியா?" என்று அப்பத்தா சத்தம் போட்டது. நியாயம்தான். நாலு குடம் தண்ணீருக்கு வண்டி வரும்வரை காத்துக் கிடந்த காலத்து மனுஷி. அதனால் ஒரே செம்புத் தண்ணீரை ஒரு பாட்டிலிலிருந்து அடுத்த பாட்டிலுக்கு மாற்றி மாற்றி, பன்னிரண்டு பாட்டிலை அலசினேன்.

காய்ந்த பிறகு 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து, பெயிண்ட் விழப்போகும் இடத்தை மட்டும் லேசாகத் தேய்க்க வேண்டும். கொத்திவிடுவது இதுதான். நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், கண்ணாடித் தூள் மூக்குக்குள் போகக்கூடாது. பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒரு துடைப்பு. அதற்குப் பிறகு கழுத்தைத் தவிர வேறு எங்கும் கை படக்கூடாது.

எனாமல் பெயிண்ட் தண்ணீர் வற்றுவதுபோலக் காய்வதில்லை. முதலில் டர்பன்டைன் ஆவியாகும். பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகும். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அது மேல்தோல்தான். முழுக்க இறுக வாரக்கணக்கில் ஆகும். எனவே மெல்லிசாக இரண்டு கோட், நடுவில் ஒரு முழு நாள். விழாவுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே வேலையை முடித்துவிட வேண்டும். முந்தின நாள்தான் ஞாபகம் வந்தது என்கிறவர்கள் கலர் பேப்பர் ஒட்டிக்கொள்ளலாம். ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும் கண்ணாடிக் கலரும், கோடு போடும் லைனர் டியூபும் சுலபம்தான். ஆனால் 30 பாட்டிலுக்குக் கட்டுபடியாகாது. கோடு மட்டும் லைனரில் போட்டு, பரப்பை அக்ரிலிக்கில் நிரப்பலாம்.

இவ்வளவு செய்தும் வெளிப்பூச்சு நகம் பட்டால் கீறத்தான் செய்யும். இதைச் சொல்லி நான் அலுத்துக்கொண்டபோது டிராயிங் சார் ஒரு வழி காட்டினார். "காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகள்ல கண்ணாடிக் கிருஷ்ணர் படம் பாத்திருக்கியா? நூறு வருஷம் தொடச்சாலும் கலர் போகாது. ஏன்னு யோசி" என்றார்.

யோசித்தும் பிடிபடவில்லை, போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அந்தப் படங்கள் கண்ணாடியின் பின்பக்கம் வரையப்பட்டவை. 18-ஆம் நூற்றாண்டில் சீன ஓவியர்கள் வழியாக இந்தியாவுக்கு வந்த கலை இது. தஞ்சாவூரில் மராட்டிய அரசர்கள் காலத்தில் செழித்தது, செட்டிநாட்டு வீடுகளிலும் இடம் பிடித்தது. நாம் பார்ப்பது கண்ணாடியின் முன்பக்கத்தை. பெயிண்ட் பின்னால் பத்திரமாக இருக்கிறது. அதனால் வரைகிற வரிசையே தலைகீழ். சாதாரணப் படத்தில் கடைசியாக வைக்கிற கண்மணி, நகை, முத்து எல்லாம் இதில் முதலில் வரும். பிறகு முகம், உடம்பு, துணி, கடைசியில் பின்னணி. வலது இடதும் மாறிப் போகும். கண்மணியை மறந்துவிட்டு முகத்தைத் தீட்டிவிட்டால் அவ்வளவுதான், திருத்தவே முடியாது. நம் மெஷின் டிராயிங்கில் ரப்பர் என்று ஒரு பொருள் இருக்கிறதே, அதன் அருமை அங்கே போனால் தெரியும்.

அந்தக் கணக்கை அப்படியே பாட்டிலுக்குக் கொண்டுவந்தேன். பெயிண்டைப் பாட்டிலுக்கு உள்ளே ஊற்றி, சுற்றிச் சுற்றி உருட்டி எல்லாப் பக்கமும் படியவிட்டு, மிச்சத்தைத் திரும்ப டப்பாவில் வடித்துவிட வேண்டும். பிறகு இரண்டு குச்சியின்மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கவேண்டும். வெளியில் கண்ணாடியின் பளபளப்பு, உள்ளே நிறம். யார் தொட்டாலும் கையில் ஒட்டாது. வாய் குறுகிய பாட்டிலுக்குள் காற்றோட்டம் குறைவு என்பதால் இதற்கு எனாமல் ஆகாது, மாதக்கணக்கில் நாற்றமடிக்கும். அக்ரிலிக் நல்லது. ஒரு குறை உண்டு. உள்ளே பூசிய பாட்டிலில் தண்ணீர் ஊற்றக்கூடாது, பூச்சு ஊறி உரிந்துவிடும். ஆகவே தண்ணீர் விட்டுப் பூ வைக்கிற பாட்டிலுக்கு வெளிப்பூச்சு, காய்ந்த பூவுக்கும் விளக்குக்கும் உள்பூச்சு. விளக்குக்கு முழுக்கப் பூசாமல் ஜன்னல்போல் இடைவெளி விடலாம்.

இனி அந்தத் தங்கையின் கேள்வி. கண்ணாடியை 100 டிகிரி சூடாக்கினால் மீட்டருக்கு ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நீளும். இரும்பு அதைவிட அதிகம், 1.2 மில்லிமீட்டர். அப்படியானால் இரும்பல்லவா முதலில் வெடிக்க வேண்டும்? இல்லை. இரும்பு கண்ணாடியைப்போல ஐம்பது மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். எல்லாப் பக்கமும் சேர்ந்து சூடாகி, சேர்ந்து நீளும். கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். கண்ணாடி கடத்தாது, வளையவும் வளையாது. அன்றைக்கு மின்விசிறிக் காற்றில் சுடர் சாய்ந்து ஒரே பக்கத்தை நக்கியது. அந்த இடத்தின் உள்பக்கம் நீளப் பார்த்தது. சூடேறாத வெளிப்பக்கம் விடவில்லை. வெளிப்பக்கம் இழுபட்டது. அமுக்கினால் தாங்கும் கண்ணாடி இழுத்தால் தாங்காது. ஏற்கெனவே ஒரு சின்னக் கீறல் இருந்தால் அங்கேயே பிளந்துவிடும். தடித்த பாட்டில்தான் பலம் என்று நாம் நினைக்கிறோம். சூட்டைப் பொறுத்தவரை தடித்ததுதான் ஆபத்து, உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் அதில் அதிகம். நம் லேபில் பீக்கர் தாங்குவது அது போரோசிலிகேட் கண்ணாடி என்பதால். அதன் நீட்சி இதில் மூன்றில் ஒரு பங்குதான்.

மெழுகுவத்தி வைத்தே ஆகவேண்டும் என்றால், வாய் அகன்ற பாட்டிலில், அடியில் ஒரு அங்குலம் ஆற்று மணல் போட்டு, நடுவில் குட்டை மெழுகுவத்தியாக வையுங்கள். காற்றில்லாத இடத்தில் வையுங்கள். உள்பூச்சுப் பூசிய பாட்டிலில் நெருப்பே கூடாது. நான் இப்போது பேட்டரியில் எரியும் எல்.இ.டி. சரம்தான் போடுகிறேன்.

எந்தப் பாட்டிலை எடுப்பது என்பதிலும் இரண்டு வார்த்தை. கோலி சோடா பாட்டிலை ஆசைப்பட்டுக் கேட்காதீர்கள். 1872-ல் இங்கிலாந்தில் ஹிராம் காட் என்பவர் காப்புரிமை வாங்கிய அந்த அமைப்பு, திரும்பத் திரும்ப நிரப்புவதற்கென்றே செய்தது. சோடாக்காரருக்கு அது முதல். மது பாட்டில் வழிநெடுகக் கிடைக்கும், வடிவமும் அழகு. ஆனால் எங்கள் வீட்டில் அம்மா வாசல்படி ஏற்றவிடவில்லை. "அப்பா விட்டு அஞ்சு வருஷமாச்சு. பெயிண்ட் அடிச்சாலும் அது எனக்குத் தெரியும்டா" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. கண்மாய்க் கரையில் உடைந்து கிடந்து ஆட்டுக் காலையும் மனுஷர் காலையும் அறுப்பதும் அவைதான். இதே தொல்லையால்தான் நீலகிரியில் 2022-ல் உயர் நீதிமன்றம் தலையிட்டு, பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுக்கும் திட்டம் வந்தது.

இன்னொன்று. குடிக்கிற கிளாஸுக்கு உள்பக்கமோ, உதடு படும் விளிம்பை ஒட்டியோ பெயிண்ட் கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. மாமா வீட்டுப் பரணில் இருக்கிற டப்பா எந்த வருஷத்தது என்று யார் கண்டது?

ஆவணியில் எங்கள் அக்காவுக்கு வளைகாப்பு. மாப்பிள்ளை வீட்டார் மதுரையிலிருந்து வருகிறார்கள். அலங்காரக்காரர் 8,000 கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே நான் பாட்டில் கழுவ ஆரம்பித்தேன். மொத்தம் 34. விரல் கிழிந்த அந்தத் தங்கை, தோழிகள் இருவரோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து கோலம் வரைந்து கொடுத்தாள். வெளிப்பூச்சுப் பாட்டில்களில் செவ்வந்தியும் மரிக்கொழுந்தும், கழுத்தில் ஒரு முழம் அருப்புக்கோட்டை மல்லி. உள்பூச்சுப் பாட்டில் பன்னிரண்டு, விளக்குச் சரத்தோடு வாசல் நடையில். முந்தின ராத்திரி விருந்தாளிகள் வந்து இறங்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. தெரு முழுக்க இருட்டு, எங்கள் நடையில் மட்டும் பன்னிரண்டு பாட்டில் எரிகிறது. "கரண்ட் போறது தெரிஞ்சே வச்சீங்களா சம்பந்தி?" என்று அத்தானின் அப்பா கேட்க, அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

செலவு, பெயிண்டும் பேட்டரியும் சேர்த்து 1,140 ரூபாய். பாட்டில் ஒன்றுகூட உடையவில்லை. விழா முடிந்து எண்ணினால் ஒன்பதுதான் மிச்சம். கேட்டு வாங்கிப் போனவர்கள் பாதி, கேட்காமல் எடுத்துப் போனவர்கள் பாதி.

ஐப்பசிக் கடைசியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பேர் வைக்கிற அன்றைக்கு இன்னும் 20 பாட்டில் வேண்டுமாம். ஊறுகாய், ஜாம் பாட்டில் வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் என்னிடம் கொடுக்கலாம். கழுவிக் கொடுத்தால் மிக்க நன்றி.